காடு நகர்ந்தால் எல்லைக்கல் என்ன செய்யும்? பாதுகாக்கப்பட்ட பகுதிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பறவைக் கணக்கெடுப்புக்குப் போகும் இடங்களிலும் கல்லூரிக் கூட்டங்களிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. காலநிலை மாறிக்கொண்டிருக்கும்போது சரணாலயங்களையும் தேசியப் பூங்காக்களையும் எங்கே, எப்படி அமைப்பது என்பதுதான் விஷயம். உதாரணங்களைப் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தும் அதை ஒட்டிய மலைகளிலிருந்தும் எடுத்திருக்கிறேன். நேரில் போய்ப் பார்க்க முடிந்த இடங்களைப் பற்றிப் பேசுவது எளிது, அவ்வளவுதான் காரணம்.

சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம், காப்புக்காடு எல்லாம் ஒன்றுதானே?

பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், சட்டத்தில் வேறு வேறு. காப்புக்காடு என்பது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டத்தில் வருவது. மரத்தைக் காக்க வந்த சட்டம் அது. சரியாகச் சொன்னால், மரத்தை அரசுக்காகக் காக்க வந்தது. விலங்குகளுக்கான சட்டம் 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். தேசியப் பூங்காவும் சரணாலயமும் அதில் வருபவை. தேசியப் பூங்காவில் மேய்ச்சலுக்குக்கூட இடமில்லை, சரணாலயத்தில் சில உரிமைகள் தொடரலாம். பின்னாளில் வந்த திருத்தங்கள் பாதுகாப்புக் காப்பகம், சமூகக் காப்பகம் என்ற தளர்வான வகைகளைச் சேர்த்தன. புலிகள் காப்பகத்தில் மையப் பகுதி, அதைச் சுற்றி இடைநிலைப் பகுதி என்று இரண்டு அடுக்கு. தமிழ்நாட்டில் இப்போது ஐந்து தேசியப் பூங்காக்களும் ஐந்து புலிகள் காப்பகங்களும் இருக்கின்றன. முதுமலை இரண்டு பட்டியலிலும் வரும்.

காலநிலை மாறினால் காட்டுக்கு என்ன? மரம் நின்ற இடத்தில்தானே நிற்கிறது?

நிற்கும் மரம் நிற்கும். அதன் விதை எங்கே முளைக்கிறது என்பதுதான் மாறும்.

ஊட்டியை எடுத்துக்கொள்வோம். மேல் நீலகிரியில் மடிப்பு மடிப்பான பள்ளங்களில் சோலைக்காடும், மேட்டில் புல்வெளியும் மாறி மாறி இருக்கும். இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியதுபோல ஓர் எல்லை. ஏன் காடு புல்வெளிக்குள் பரவவில்லை? உறைபனி ஒரு முக்கியக் காரணம். பனிக்கால இரவுகளில் திறந்த புல்வெளியில் வெப்பம் சட்டென்று இறங்கி, காலையில் புல் வெள்ளை வெள்ளையாக இருக்கும். அந்தக் குளிரில் சோலை மர நாற்றுகள் கருகிவிடும். மரங்களின் குடைக்குள் அந்தக் குளிர் இறங்காது. ஆக, புல்வெளிக்கு வேலி போட்டு வைத்திருந்தது உறைபனிதான். இரவுகள் கதகதப்பாக ஆக ஆக அந்த வேலி பலவீனமாகும். அப்போது உள்ளே நுழைவது சோலை மரம்கூட இல்லை. ஆங்கிலேயர் கொண்டுவந்த சீகை (வாட்டில்) மரம்தான். அது குளிரையும் ஓரளவு தாங்கும், வெயிலிலும் வளரும், விதையும் கொட்டித் தீர்க்கும்.

இதை எந்த எல்லைக்கல்லும் தடுக்காது. வேட்டைக்காரரைத் தடுக்கலாம், மரம் கடத்துபவரைப் பிடிக்கலாம். வெப்பநிலைக்கு வழக்குப் போட முடியாது.

விலங்குகள் குளிர்ச்சியான இடம் தேடிப் போய்விடாதா?

போகும், போக இடம் இருந்தால். மலையில் 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குறையும். அப்படியென்றால் சராசரி வெப்பம் ஒரு டிகிரி கூடினால், பழைய குளிரைத் தேடும் உயிர் ஏறக்குறைய 170 மீட்டர் மேலே போக வேண்டும். இரண்டு டிகிரி என்றால் 300 மீட்டருக்கும் மேல். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர், ஆனைமுடி 2,695. அதற்கு மேல் வானம்தான்.

மலை கூம்பு மாதிரி என்பது இன்னொரு சிக்கல். மேலே போகப் போகப் பரப்பு சுருங்கும். 2,000 மீட்டரில் பரவி வாழ்ந்த உயிர் 2,300-ல் நெருக்கியடித்து வாழ வேண்டும். பக்கத்து மலைக்குத் தாவலாமே என்றால், நடுவில் பள்ளத்தாக்கின் சூடு. இந்த உச்சிகளை ஆய்வாளர்கள் வானத் தீவுகள் என்று அழைப்பது இதனால்தான். சோலைகளில் மட்டும் வாழும் ஒரு சின்னப் பறவைக் கூட்டத்துக்கு 2017-ல் சோலிகோலா என்று பேரினப் பெயர் வைத்தார்கள். நம் ‘சோலை’தான் அறிவியல் பெயருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒரு வகை, தெற்கே வேறு வகை. சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தக் கணவாயை அவை தாண்டுவதே இல்லை. இனி அது இன்னும் சூடாகப் போகிறது. இனி மட்டும் தாண்டிவிடுமா?

வரையாடு பெருகிவருகிறது என்று செய்தி வந்ததே? பிறகென்ன கவலை?

வந்தது, மகிழ்ச்சியான செய்திதான். தமிழ்நாட்டில் 2024-இன் கணக்கெடுப்பில் 1,031, 2025-இல் 1,303. இரண்டாவது முறை கணக்கெடுத்த இடங்களும் கூடுதல் என்பதைச் சேர்த்தே இந்த எண்ணைப் படிக்க வேண்டும். சங்கப் பாடல்களில் ‘வருடை’ என்று வரும் விலங்கு இதுதான் என்பார்கள். மாநில விலங்கு. இதற்கென்று 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தனித் திட்டமே அறிவித்தது.

கவலை எண்ணிக்கையில் இல்லை, இடத்தில். நீலகிரியில் இருக்கும் முக்குருத்தி தேசியப் பூங்காவின் பரப்பு 78 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள்ளேயே சீகையும் பைனும் புல்வெளியைத் தின்றிருக்கின்றன. வரையாட்டுக்கு வேண்டியது புல்லும், பக்கத்திலேயே ஓடி ஒளியச் செங்குத்துப் பாறையும். இரண்டும் சேர்ந்த இடங்கள் தனித்தனித் துண்டுகளாகக் கிடக்கின்றன. ஒரு துண்டில் நோயோ வறட்சியோ வந்தால் மறு துண்டிலிருந்து ஆடு வந்து நிரப்ப வழி வேண்டும். வால்பாறைக்கு மேலே இருக்கும் அக்காமலைப் புல்வெளியும் கேரளத்தின் இரவிகுளமும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஆட்டுக்கு அது ஒரே மேய்ச்சல் நிலம். நமக்கு இரண்டு மாநிலம், இரண்டு துறை, இரண்டு மேலாண்மைத் திட்டம். முதலில் சரிசெய்ய வேண்டியது இது என்பேன். செலவும் குறைவு, இரண்டு பக்கத்து அதிகாரிகளும் ஒரே வரைபடத்தை விரித்து உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது.

அப்படியென்றால் இப்போதிருக்கும் சரணாலயங்கள் தவறான இடத்தில் இருக்கின்றனவா?

தவறான இடம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவை அமைந்த வரலாற்றைப் பார்க்க வேண்டும். உலகம் முழுக்கவே பாதுகாக்கப்பட்ட பகுதிகள் பெரும்பாலும் வேறு எதற்கும் ஆகாத நிலத்தில்தான் விழுந்திருக்கின்றன: செங்குத்தான மலை, பாறை, பயிர் ஏறாத மண். நம் ஊரில் ஆங்கிலேயர் வைத்துக்கொண்ட வேட்டைக்காடும் காப்புக்காடும் பின்னாளில் சரணாலயமாயின.

திணைக் கணக்கில் பார்த்தால் புரியும். குறிஞ்சி நிறைய இருக்கிறது, முல்லை கொஞ்சம். மருதத்தில் சில ஏரிகள், நெய்தலில் மன்னார் வளைகுடா, கோடியக்கரை என்று விரல்விட்டு எண்ணலாம். தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காடு (செம்மணல் மேடு), சமவெளிப் புல்நிலம், ஆற்றங்கரைக் காடு, சோழமண்டலக் கரையோரத்து வறண்ட பசுமைமாறாக் காடு இவற்றுக்கெல்லாம் பெயருக்குத்தான் பாதுகாப்பு. கடைசியாகச் சொன்ன காட்டின் மிச்சம் கோயில் காடுகளாகத்தான் தங்கியிருக்கிறது. சென்னைக்குள் கிண்டியில் 2.7 சதுர கிலோமீட்டரில் ஒரு துண்டு.

சூடும் வறட்சியும் கூடும்போது இந்த விடுபட்ட நிலங்களின் மதிப்பு கூடும். வறட்சியைத் தாங்கிப் பழகிய செடிகளும் உயிர்களும் அங்கேதான் இருக்கின்றன. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் மலைகளைச் சுற்றி 118 சதுர கிலோமீட்டரில் 2022-ல் தேவாங்குச் சரணாலயம் அறிவித்தார்கள். பெரிய புலியும் யானையும் இல்லாத ஒரு வறண்ட காட்டுக்கு அந்தஸ்து கிடைத்தது நல்ல தொடக்கம்.

புதிய இடத்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? அழகான இடமா, விலங்கு அதிகமுள்ள இடமா?

முன்பெல்லாம் ஏறக்குறைய அப்படித்தான். இப்போது இதற்கு ஒரு முறை இருக்கிறது. மளிகைக் கடைக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் துவரம்பருப்பு இரண்டு டப்பா இருக்கிறது. கடையில் நல்ல பருப்பு வந்திருக்கிறதே என்று மறுபடி அதையே வாங்கி வந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்? இல்லாததை வாங்கி வர வேண்டும். இங்கேயும் அதேதான். 200 வகை உயிர்கள் உள்ள இடத்தைவிட, 40 வகையே இருந்தாலும் அவற்றில் 30 வேறெந்தச் சரணாலயத்திலும் இல்லை என்றால், அந்த இரண்டாவது இடம்தான் முக்கியம். நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது, காப்பதற்கு என்ன செலவாகும், யாருடைய பிழைப்பு பாதிக்கப்படும் என்று கணக்குப் போட்டு, குறைந்த இழப்பில் எல்லாவற்றையும் உள்ளடக்கும் தொகுப்பைக் கண்டுபிடிப்பதற்கு மென்பொருள்கள் இருக்கின்றன. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான மார்க்சான் அதில் பிரபலம். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் 2004-ல் மண்டலங்களை மாற்றி வரைந்தபோது, மீன்பிடிக்கவே கூடாத பரப்பு 5 சதவீதத்துக்கும் கீழிருந்து 33 சதவீதமாக உயர்ந்தது இப்படிப்பட்ட திட்டமிடலால்தான்.

காலநிலை மாற்றம் இந்தக் கணக்கைக் குழப்புகிறது. இன்று ஓர் உயிர் எங்கே இருக்கிறது என்பதோடு, 2050-ல், 2080-ல் எங்கே இருக்க முடியும் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இதைக் கணிக்கும் கணினி மாதிரிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொன்று சொல்லும். மழை விஷயத்தில் சுத்தமாக ஒத்துப்போகாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் தனித்தனி உயிரைத் துரத்துவதைக் குறைத்து, நிலத்தின் அமைப்பைப் பார்க்கிறார்கள். ஒரே காப்பகத்துக்குள் அடிவாரம் முதல் உச்சி வரை எல்லா உயரமும் இருக்கிறதா? வடக்குச் சரிவும் தெற்குச் சரிவும் இருக்கிறதா? கோடையிலும் ஈரம் நிற்கும் ஓடைப் பள்ளம் இருக்கிறதா? இப்படிப்பட்ட குளிர் மூலைகள் சுற்றுவட்டாரத்தைவிட மெதுவாகத்தான் சூடேறும். களக்காடு மலையில் வெயிலில் வெந்துகொண்டே ஏறி, ஓர் ஓடை வளைவில் திரும்பியதும் உடம்பெல்லாம் சில்லென்று ஆகும். அந்த வளைவுதான் நான் சொல்லும் மூலை. அதை வரைபடத்தில் குறித்துவைத்து, அங்கே செக்டேமோ சாலையோ வராமல் பார்த்துக்கொள்வதே பெரிய திட்டமிடல்.

பெரிய காப்பகம் ஒன்றா, சின்னச் சின்னதாகப் பலவா?

எழுபதுகளிலிருந்து சூழலியலாளர்கள் அடித்துக்கொள்ளும் கேள்வி. யானைக்கும் புலிக்கும் பெரியது வேண்டும்: சத்தியமங்கலம் 1,408 சதுர கிலோமீட்டர் என்றாலும் அது முதுமலை, பந்திப்பூர், பிலிகிரிரங்கன் மலையோடு சேர்ந்திருப்பதால்தான் பலம். பறவைக்கும் தவளைக்கும் நல்ல இடத்தில் அமைந்த சின்னதும் போதலாம்.

வேடந்தாங்கலைப் பாருங்கள். ஏரி 30 ஹெக்டேர்தான். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்து ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்தார்கள். 1790-களிலேயே வேட்டைக்குத் தடை கேட்டு வாங்கினார்கள். ஆனால் பறவை இரை தேடுவது அந்த ஏரியில் இல்லை, சுற்றிலும் பல கிலோமீட்டருக்கு இருக்கும் வயலிலும் ஏரியிலும்தான். பருவமழை பொய்த்த வருடம் வேடந்தாங்கல் வறண்டால் பக்கத்துக் கரிக்கிலி ஏரிக்குப் போகும், அதுவும் வறண்டால் வேறெங்கோ. மழை இனி இன்னும் தாறுமாறாகப் பெய்யப் போகிறது என்றால், ஒரு ஏரியைக் காப்பது காப்பே அல்ல. சங்கிலியாக இருக்கும் ஏரிகளில் எந்த வருடமும் ஒன்றிரண்டிலாவது தண்ணீர் நிற்கும்படி வரத்துக்கால்களைச் சேர்த்துக் காக்க வேண்டும்.

வழித்தடம் வழித்தடம் என்கிறார்களே, அது யானைக்கு மட்டும்தானா?

யானை பெரிதாக இருப்பதால் நம் கண்ணுக்குத் தெரிகிறது. வலசை போகும் எல்லாவற்றுக்கும் வழி வேண்டும், காலநிலையோடு மெல்ல நகரும் மரத்துக்கும்தான். மரம் எப்படி நகரும்? இருவாச்சிப் பறவை பழத்தைத் தின்று பறந்து போய் இன்னோர் இடத்தில் விதையைப் போடும். இருவாச்சி பறக்க நடுவில் மரங்கள் வேண்டும். வால்பாறைத் தேயிலை எஸ்டேட்டுகளுக்கு நடுவே தங்கியிருக்கும் மழைக்காட்டுத் துண்டுகள் இதனால்தான் விலைமதிப்பற்றவை. அவை தனியார் நிலம், எந்தச் சரணாலயக் கணக்கிலும் வராது.

சீகூர் பீடபூமி வழக்கு பலருக்கும் நினைவிருக்கலாம். முதுமலையை ஒட்டிய அந்த யானை வழித்தடத்தை 2010-ல் தமிழ்நாடு அரசு அறிவித்தது, விடுதிக்காரர்கள் எதிர்த்தார்கள், 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அரசு அறிவிப்பை உறுதி செய்தது. பத்து வருடம். ஒரு வழித்தடத்துக்கு இவ்வளவு என்றால், கட்டடம் எழும்பும் முன்பே வரைபடத்தில் குறிப்பது எவ்வளவு மலிவு என்று யோசியுங்கள்.

சில நேரம் நிலமே வாங்க வேண்டியதில்லை, நேரத்தைப் பங்குபோட்டால் போதும். திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியில் இரவுப் போக்குவரத்துத் தடை வந்தது அப்படித்தான். தாளவாடிப் பக்கத்து மக்கள் எதிர்த்தார்கள். தக்காளியும் முட்டைக்கோசும் விடிவதற்குள் சந்தைக்குப் போக வேண்டிய விவசாயியின் கோபம் நியாயமானதுதான். அவசர வண்டிகளுக்கு விலக்கு கொடுத்தது மாதிரி விளைபொருளுக்கும் தொடக்கத்திலேயே ஒரு வழி யோசித்திருந்தால் எதிர்ப்பு பாதியாகியிருக்கும்.

நிறைய மரம் நட்டால் போதாதா?

எங்கே, என்ன மரம் என்பதைப் பொறுத்தது. மேல் நீலகிரியின் சீகையும் தைலமரமும் பைனும் ‘காலி நிலத்தில் மரம் நடுவோம்’ என்று நட்டவைதான். புல்வெளியைக் காலி நிலம் என்று நினைத்தார்கள். மழையைப் பஞ்சுபோல உறிஞ்சி ஓடைகளுக்கு மெதுவாகக் கொடுத்துக்கொண்டிருந்த புல்வெளி அது; பைக்காராவும் பவானியும் அங்கிருந்துதான் இறங்குகின்றன. ஊட்டிக்குப் போய்ப் பைன் காட்டில் நின்று நாம் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறோம், நானும் எடுத்திருக்கிறேன். தரையைப் பார்த்தால் ஊசி இலைகளைத் தவிர ஒரு செடி இருக்காது.

இப்போது பல காப்பகங்களில் அவசர வேலை மரம் நடுவது இல்லை, பிடுங்குவதுதான். முதுமலையில் மஞ்சள் பூப் பூக்கும் அந்நிய சென்னா, எங்கு பார்த்தாலும் உண்ணிச்செடி, தெற்கே சீமைக் கருவேலம். பிடுங்கினாலும் அடுத்த மழைக்கு மறுபடி வரும். தொடர்ந்து நாலைந்து வருடம் அதே இடத்துக்குத் திரும்பிப் போய் வேலை செய்யப் பணம் ஒதுக்காவிட்டால் முதல் வருடச் செலவும் வீண். மரம் நடும் விழாவுக்கு மந்திரி வருவார். பிடுங்கும் விழாவுக்கு யார் வருவார்கள்?

கடலில் எல்லை போட முடியுமா? தண்ணீர் சூடாவதை எப்படித் தடுப்பது?

போட்டிருக்கிறோம். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ல் வந்தது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். அதில் இரண்டு, விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும், மூழ்கிவிட்டன. பழியைக் கடல்மட்ட உயர்வின் மேல் மட்டும் போட முடியாது. பல காலம் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்தோம். அலையை உடைத்துக்கொண்டிருந்த சுவர் போனதும் தீவு கரைந்தது. இதே நிலைக்கு வந்துகொண்டிருந்த வான் தீவின் கடல் பக்கத்தில் ஆயிரக்கணக்கில் செயற்கைப் பாறைத் தொகுதிகளை இறக்கினார்கள். அரிப்பு நின்று மணல் சேர்ந்தது, மீனும் வந்தது. அடுத்து காரியாச்சல்லித் தீவு.

சூட்டைத் தடுக்க முடியாது. 1998, 2010, 2016 என்று கோடை மாதங்களில் கடல் அளவுக்கு மீறிச் சூடாகிப் பவளங்கள் வெளுத்துப்போயின. பவளத்துக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்கு நிறமும் சோறும். சூடு தாங்காமல் பவளம் அதை வெளியேற்றிவிடும். சில வாரங்களில் தண்ணீர் ஆறினால் பிழைக்கும். அந்தப் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுவதுதான் நம்மால் முடிந்தது: கழிவுநீர் வராமல் பார்ப்பது, இழுவை மடியைத் தள்ளி வைப்பது, பவளத்தின்மேல் போர்வையாகப் பரவும் கப்பாபைகஸ் பாசியை அகற்றுவது. எல்லாத் தீவிலும் வெளுப்பு ஒரே அளவில் இருக்காது என்பதும் முக்கியம். குறைவாக வெளுத்து விரைவாகத் தேறும் திட்டுகளுக்குக் காவலைக் கூட்டினால், அங்கிருந்து வரும் குஞ்சுப் பவளம் மற்ற இடங்களை நிரப்பும்.

பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டரில் 2022-ல் கடல்பசுப் பாதுகாப்பகம் வந்தது, நாட்டிலேயே முதல் முறை. ஆவுளியா என்று கரையில் சொல்வார்கள். அது மேயும் கடற்புல் சேற்றுக்குள் கரியைச் சேர்த்து வைக்கும் என்பதால் காலநிலைக் கணக்கிலும் லாபம்.

அலையாத்திக் காடு கடல் உயர்ந்தால் தானே பின்னால் நகர்ந்துவிடாதா?

நகரும். பின்னால் இறால் பண்ணையோ சாலையோ கரையோ இருந்தால் நகராது. கடலுக்கும் சுவருக்கும் நடுவில் நசுங்கும். பிச்சாவரத்துக்கும் முத்துப்பேட்டைக்கும் இப்போது வரையப்படும் எல்லைக்குள், இன்று மரம் இல்லாத உப்பு நிலத்தையும் சேர்த்து விடுவது புத்திசாலித்தனம். அப்புறம், காவிரியிலிருந்து நல்ல தண்ணீர் வராவிட்டால் உப்பு ஏறி அலையாத்தி குட்டையாகிவிடும். ஆக இந்தக் காட்டைக் காக்கும் வேலையில் பாதி மேட்டூருக்கு மேலேதான் நடக்க வேண்டும்.

காட்டைக் காக்க வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் மக்களை வெளியேற்ற வேண்டாமா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் நகரத்துக்காரர்கள். 2006-இன் வன உரிமைச் சட்டத்தின்படி உரிமைகளை முடிவு செய்யாமல், மக்களின் சம்மதம் இல்லாமல் அப்படிச் செய்யவும் முடியாது.

சத்தியமங்கலத்தை ஒட்டிக் கர்நாடகத்தில் இருக்கும் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் பழங்குடிகளான சோலிகர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். முன்பெல்லாம் வருடத் தொடக்கத்தில் சருகை மட்டும் எரிக்கும் சின்னத் தீ வைப்பார்கள். தீ தடை செய்யப்பட்ட பிறகுதான் உண்ணிச்செடி காட்டை மூடியது, சருகு குவிந்தது, இப்போது தீ வந்தால் பெருந்தீயாக வருகிறது என்பது அவர்கள் வாதம். கோடை நீண்டு காடு காய்ந்துவரும் காலத்தில் இந்த அனுபவத்தை ஒதுக்குவது நமக்குத்தான் நஷ்டம். முழுக்கச் சரி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவில்லை. சோதித்துப் பார்க்க ஒரு பீட் (ஒரு வனக்காவலரின் பொறுப்பில் இருக்கும் பகுதி) ஒதுக்குங்கள் என்கிறேன். ராமநாதபுரம் கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் மாதத்தில் சில நாட்கள்தான் எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். எந்த மேலாண்மைத் திட்டமும் சொல்லித்தரவில்லை.

2030-க்குள் 30 சதவீதம் என்கிறார்களே, அது என்ன?

2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் நாடுகள் ஏற்றுக்கொண்ட இலக்கு. உலகின் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தை 2030-க்குள் காக்க வேண்டும். நிலத்தில் இப்போது 17 சதவீதத்துக்குச் சற்று மேல், கடலில் 8 சதவீதத்துக்குச் சற்று மேல். இந்தியாவில் தேசியப் பூங்கா, சரணாலயம் போன்றவை மட்டும் நிலப்பரப்பில் சுமார் 5 சதவீதம்.

எனக்கு இந்த எண்ணின்மேல் பயம் உண்டு. எண் இலக்கு வந்தால் எளிதில் கிடைக்கும் நிலத்தைச் சேர்த்துக் கணக்கை முடிப்பார்கள், மறுபடி பாறையும் மேடும்தான் வரும். 78 சதுர கிலோமீட்டர் முக்குருத்தியிலிருந்து சீகையை அகற்றினால் சதவீதம் ஒரு புள்ளிகூட ஏறாது. ஆனால் வரையாட்டுக்கு அதுதான் வேண்டும்.

கோயில் காடு, ஊர் ஏரி எல்லாம் கணக்கில் வருமா?

வரலாம். அந்த 30 சதவீதத்தில் சரணாலயம் அல்லாத, ஆனால் உண்மையிலேயே உயிர்களைக் காக்கும் இடங்களையும் சேர்க்க வழி இருக்கிறது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவை பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்க மாட்டார்கள். கூந்தன்குளத்தில் வீட்டு மரத்திலேயே கூடு கட்டவிடுவார்கள்.

ஆனால் பட்டம் கொடுத்தால் காப்பு வந்துவிடாது. மதுரைக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள், தமிழ்நாட்டில் அதுதான் முதல். சரியாக இரண்டு வருடத்தில் அதையும் உள்ளடக்கிய பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. ஊர் ஊராக மக்கள் திரண்டு மதுரை வரை பேரணியாக வந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

உயிரினங்களை நாமே தூக்கிக்கொண்டு போய் வேறு மலையில் விட்டால் என்ன?

வரையாட்டை அது முன்பு வாழ்ந்து மறைந்த மலைகளில் மறுபடி விடுவது திட்டத்திலேயே இருக்கிறது. அது வேறு. என்றுமே வாழாத இடத்தில் கொண்டுபோய் விடுவது வேறு. சீகையும் அப்படி நல்லெண்ணத்தில் வந்ததுதானே. வேறு வழியே இல்லாத உயிருக்கு மட்டும், கடைசி வழியாக யோசிக்கலாம்.

காலநிலைக்கு ஏற்ப எல்லையை மாற்றிக்கொண்டே போகலாமே?

சரணாலய எல்லையை மாற்றத் தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை வேண்டும். கடினமாக இருப்பது நல்லதுக்குத்தான். எளிதாக்கினால் முதலில் சுருக்கத்தான் வருவார்கள். வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை இருந்த சரணாலய எல்லையை 3 ஆக்க 2020-ல் நடந்த முயற்சியை மறந்துவிடக் கூடாது. அதனால் இருப்பதைக் குறைக்காமல், வெளியே சேர்த்துக்கொண்டே போவதுதான் வழி: வழித்தடம், பாதுகாப்புக் காப்பகம், சூழல் கூருணர்வு மண்டலம் (சரணாலயத்தைச் சுற்றி, சில தொழில்களுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி) என்று. எல்லையைத் தொடாமலே மாற்றக்கூடியது மேலாண்மைத் திட்டம். பத்து வருடத்துக்கு ஒருமுறை எழுதுகிறார்கள். அதில் எந்த உயரத்தில் எந்தப் பறவை, எந்த மாதம் எந்த ஓடை வற்றியது என்று வருடாவருடம் பதியச் சொன்னாலே அடுத்த திட்டம் எழுதுபவருக்குப் பெரிய உதவி.

நம்மைப் போன்றவர்கள் கருத்து சொல்ல இடம் இருக்கிறதா?

இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. சரணாலயம் அமைக்கும்போது உரிமை கோருபவர்கள் இரண்டு மாதத்துக்குள் மனு கொடுக்கலாம் என்று மாவட்ட ஆட்சியர் அந்த வட்டார மொழியிலேயே அறிவிக்க வேண்டும். சூழல் கூருணர்வு மண்டலத்தின் வரைவு வந்தால் 60 நாள் அவகாசம். யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதும்போது ‘காட்டைக் காப்பாற்றுங்கள்’ என்று எழுதினால் கோப்பில் போய்ப் படுத்துவிடும். சர்வே எண் போட்டு, இந்த ஓடை கோடையிலும் ஓடுகிறது, இந்த இடத்தில் யானை தாண்டுகிறது, இதைச் சேருங்கள் என்று தேதியோடு எழுதுங்கள். அதற்கு முதலில் உங்கள் ஊர் ஓடை மே மாதம் ஓடுகிறதா என்று போய்ப் பார்த்திருக்க வேண்டும்.